பள்ளி வாசல் சலான்: லாரி ஓட்டுநரும் கேள்வி கேட்கட்டும்

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகமாகப் போன லாரிக்கு அபராதம் விதிப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால், அந்த அபராதம் தவறு என்று ஓர் ஓட்டுநர் உண்மையாகவே நினைத்தால், அதை எங்கே போய்ச் சொல்வது? சட்டப் புத்தகத்தில் அதற்கு வழி இருக்கிறது. அந்த வழியில் நடந்து முடிப்பதற்குள் அபராதத் தொகையைவிடப் பல மடங்கு பணமும் நாட்களும் போய்விடும் என்பதால், பெரும்பாலானோர் பேசாமல் கட்டிவிடுகிறார்கள். இது ஓட்டுநர்களின் தனிப்பட்ட குறை மட்டும் இல்லை. சலானைக் கேள்வி கேட்க முடியாத ஊரில் பள்ளிச் சாலையும் சீராகாது. எனவே, கேள்வி கேட்கும் வழியைத் திறந்துவைப்பது பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவே செய்ய வேண்டிய வேலை.

வேகம் ஏன் குறைய வேண்டும்?

முதலில், எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2025 ஜூனில் சென்னை பெரம்பூரில், தாயுடன் இருசக்கர வாகனத்தில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுமி தண்ணீர் லாரியில் சிக்கி உயிரிழந்தாள். பள்ளி நேரத்தில் கனரக வாகனம் அந்தச் சாலைக்குள் எப்படி வந்தது என்று ஊரே கேட்டது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவற்றில் பத்தில் ஏழு மரணங்களுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழகம்தான் முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

வேகத்துக்கும் உயிருக்கும் உள்ள கணக்கு எளிமையானது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரே விநாடியில் 14 மீட்டர் கடந்துவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 8 மீட்டர்தான். பிரேக்கில் கால் வைத்த பிறகு வண்டி நிற்பதற்கான தூரம், வேகத்தைப் போல இரு மடங்கு, மூன்று மடங்கு என்று சீராகக் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 30இல் நிற்பதற்கு ஆகும் தூரத்தைப் போல 50இல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தேவை. பாரம் ஏற்றிய லாரிக்கு முன்னால் பந்தை எடுக்க ஓடிவரும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம்தான் உயிர். வாகனங்களும் நடந்து செல்வோரும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 2020இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள் மாநாடு சொன்னதும் இதனால்தான். ஆகவே, பள்ளி வாசலில் வேக வரம்பு வேண்டும், கேமரா வேண்டும், மீறினால் தண்டனையும் வேண்டும். இனி எழுதுவதெல்லாம் இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான்.

சலான் யார் கைக்குப் போகிறது?

வேகத்தைப் பதிவு செய்யும் கேமரா, ஓட்டுநரைப் பிடிப்பதில்லை. நம்பர் பிளேட்டைத்தான் பிடிக்கிறது. அந்த எண்ணுக்கு உரியவர் லாரி உரிமையாளர். குறுஞ்செய்தி அவருடைய செல்பேசிக்குப் போகிறது. அவர் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருப்பார். வண்டியை ஓட்டியவர் அதற்குள் அடுத்த லோடு ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிர எல்லையைத் தாண்டியிருப்பார். எந்தப் பள்ளி, எந்த நேரம், எதிரே என்ன இருந்தது என்பதெல்லாம் அவருக்கு நினைவிலிருந்து கலைந்த பிறகுதான் செய்தி அவர் காதுக்கு எட்டும். அப்போதும் அது அபராதமாக வருவதில்லை. பேட்டாவில் பிடித்தமாக வருகிறது. தான் செய்ததாகச் சொல்லப்படும் தவறின் படத்தைக்கூடப் பார்க்காமல் அதற்கான விலையைக் கொடுத்துவிடுகிறார். அடுத்த முறை அதே பள்ளியைக் கடக்கும்போது அவர் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எடுபடும் என்று எந்த நம்பிக்கையில் எதிர்பார்க்கிறோம்?

தொகையும் சிறியதில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவு, அதிவேகத்துக்குக் கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், கனரகச் சரக்கு வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம் என்கிறது. இரண்டாவது முறை மாட்டினால் ஓட்டுநர் உரிமத்தையே கைப்பற்றலாம். அதிவேகம் உள்ளிட்ட சில குற்றங்களுக்கு உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கார் வைத்திருப்பவருக்கு மூன்று மாதம் என்பது பேருந்திலும் ஆட்டோவிலும் போகும் சிரமம். லாரி ஓட்டுநருக்கு அது மூன்று மாதச் சம்பளம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம். வட்டிக்கு வாங்கிய கடனின் தவணை. ஒரே குற்றம் இரண்டு பேரை இரண்டு விதமாகத் தாக்குகிறது. அதனாலேயே, குற்றம் நடந்ததா என்று உறுதி செய்வதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

முக்கோணமும் வட்டமும்

பள்ளிகளுக்கு அருகே நாம் வழக்கமாகப் பார்ப்பது சிவப்பு விளிம்பு போட்ட முக்கோணப் பலகை. உள்ளே பள்ளிப் பிள்ளையின் படம் இருக்கும். அது எச்சரிக்கைப் பலகை. ‘பள்ளி வருகிறது, கவனம்’ என்று சொல்லும். எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும் என்று சொல்லாது. வேக வரம்பைச் சொல்வது வட்டப் பலகை: சிவப்பு வளையத்துக்குள் கறுப்பு எண். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் பலர். வட்டப் பலகை இல்லாமல் முக்கோணத்தை மட்டும் நட்டுவைத்துவிட்டு ‘வரம்பை மீறினாய்’ என்றால், எந்த வரம்பை என்ற கேள்வி நியாயமாகவே எழும். வட்டப் பலகை இருந்தும் அதன் மேல் புங்கமரக் கிளை கவிழ்ந்திருந்தால், அல்லது யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்துப் போஸ்டர் ஒட்டப்பட்டிருந்தால், உயரமான இருக்கையில் அமர்ந்து வரும் ஓட்டுநர் கண்ணில் அது படாது.

இது வெறும் வாதத் திறமைக்காகச் சொல்வதில்லை. சட்டத்தின் 112ஆவது பிரிவே இதைத்தான் கேட்கிறது. ஒரு குறிப்பிட்ட சாலையில் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், அரசு அதை அரசிதழில் அறிவிக்க வேண்டும். உரிய இடங்களில் பலகைகளையும் வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மிகாத தற்காலிகக் கட்டுப்பாட்டுக்கு மட்டும்தான் அரசிதழ் அறிவிப்பிலிருந்து விலக்கு. கேமராக்களுக்கும் நிபந்தனைகள் உண்டு. 2021இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கண்காணிப்பு இருப்பதை எச்சரிக்கும் பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், வழக்கு முடியும்வரை பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று சொன்னது. கருவி இல்லாமல், ‘வேகமாக வந்ததைப் பார்த்தேன்’ என்ற ஒரே ஒருவரின் கண் மதிப்பீட்டை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது என்று 183ஆவது பிரிவே தடுக்கிறது. உரிமத்தை நிறுத்திவைப்பதற்கு முன்பு உரியவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது 19ஆவது பிரிவு.

ஆக, பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சட்டம் நன்றாகவே யோசித்து எழுதியிருக்கிறது. கருவி சரியாக இருக்கிறதா, பலகை இருக்கிறதா, அறிவிப்பு வந்ததா என்று சரிபார்க்கும் கடைசிக் கண்ணி, சலானை மறுக்கும் ஓட்டுநர்தான். அந்தக் கண்ணிதான் அறுந்து கிடக்கிறது.

கட்டிவிடுவதே மேல் என்ற நிலை

மெய்நிகர் நீதிமன்ற இணையதளத்தில் சலான் எண்ணைப் போட்டால் இரண்டு வழிகள் தெரியும்: கட்டலாம், மறுக்கலாம். மறுப்பதைத் தேர்ந்தால், வழக்கு சம்பவம் நடந்த இடத்துக்கு உரிய வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். நாமக்கல் ஓட்டுநருக்கு வேலூரில் சலான் என்றால், வாய்தாவுக்கு வாய்தா வேலூருக்குப் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவும் ஒரு ட்ரிப் இழப்பு. வழக்கறிஞர் கட்டணம் தனி. இதற்கிடையில் சலான் நிலுவையில் இருந்தால் வண்டியின் எஃப்.சி., பெர்மிட் வேலைகள் சிக்கலாகும் என்ற பயத்தில், உரிமையாளர் ‘கட்டித் தொலை’ என்பார். 2,000 ரூபாய் அபராதத்தை எதிர்க்க 10,000 ரூபாய் செலவழிக்க யார் முன்வருவார்கள்? ‘ஆன்லைன் அபராதம்’ கூடாது என்று லாரி உரிமையாளர் சங்கங்கள் திரும்பத் திரும்பக் குரல் கொடுப்பதற்குப் பின்னால் இந்த ஆற்றாமையும் இருக்கிறது.

இதில் ஓட்டுநர் இழப்பது பணம். ஊர் இழப்பது அதைவிடப் பெரியது. கிளை மறைத்த பலகை பற்றி நீதிமன்றத்தில் யாரும் சொல்வதில்லை என்றால், அந்தக் கிளையை வெட்டச் சொல்லி யாரும் உத்தரவிடப்போவதில்லை. சான்றிதழ் காலாவதியான கருவி பற்றி யாரும் கேட்கவில்லை என்றால், அது தொடர்ந்து தவறாகவே அளந்துகொண்டிருக்கும். தவறாக அளக்கும் கருவி, மெதுவாகப் போனவரை மட்டும் மாட்டிவிடும் என்பதில்லை. வேகமாகப் போனவரைத் தப்பவிடவும் செய்யும். கேள்வி கேட்கப்படும் ஒவ்வொரு சலானும் அந்தப் பள்ளி வாசலுக்கு ஓர் இலவசத் தணிக்கை. அந்தத் தணிக்கையை நாம் வேண்டாம் என்று விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

‘நுணுக்கம் பேசித் தப்பிப்பார்கள்’ என்ற வாதம்

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிள்ளை உயிர் பெரிதா, பலகை வட்டமா முக்கோணமா என்பது பெரிதா? மறுக்க வழி விட்டால், உண்மையிலேயே வேகமாகப் போனவர்களும் அந்த ஓட்டை வழியாக நழுவிவிடுவார்கள் இல்லையா? பெற்றோர்களின் இந்தப் பயம் நியாயமானது. ஆனால், மறுக்க இடம் கொடுப்பது விடுவிப்பதாகாது. பலகை இருக்கிறது, அறிவிக்கை இருக்கிறது, கருவிக்கு நடப்பு ஆண்டுச் சான்றிதழ் இருக்கிறது என்றால், வழக்கு சில நிமிடங்களில் முடிந்துவிடும், அபராதம் உறுதியாகும். ஓட்டை இருப்பதாக அஞ்சுகிறோம் என்றால், அந்த ஓட்டை சலானில்தான் இருக்கிறது. அதை அடைக்க வேண்டிய பொறுப்பு அரசுடையது.

தொழில்முறை ஓட்டுநருக்குக் கூடுதல் கட்டுப்பாடு இருக்கக் கூடாதா என்பது இரண்டாவது கேள்வி. கட்டாயம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் வணிக வாகன உரிமம் வைத்திருப்பவர், மணிக்கு 15 மைல் அல்லது அதற்கு மேல் வரம்பை மீறினால் அது கடுமையான மீறல். மூன்று ஆண்டுகளுக்குள் அப்படி இரண்டு முறை குற்றம் உறுதியானால் 60 நாட்கள், மூன்று முறை என்றால் 120 நாட்கள் வணிக வாகனம் ஓட்டத் தடை. சாதாரண ஓட்டுநர்களுக்குப் பல மாநிலங்கள் தரும், வகுப்புக்குப் போய்வந்து பதிவிலிருந்து குற்றத்தை மறைத்துக்கொள்ளும் சலுகை அவர்களுக்குக் கிடையாது. மத்தியச் சட்டமே தடுக்கிறது. அவ்வளவு கடுமை இருக்கும் அங்கேயும் தடை வருவது குற்றம் உறுதியான பிறகுதான். குற்றச்சாட்டை மறுத்து நீதிபதி முன் நிற்கும் நாள் அவர்களுக்கு உண்டு. கடுமையும் விசாரணையும் சேர்ந்தே போக வேண்டியவை. நாம் கடுமையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பாதி வேலை.

நீதிமன்றங்களில் ஏற்கெனவே மலைபோல வழக்குகள் குவிந்திருக்கின்றனவே என்பது மூன்றாவது மறுப்பு. வேக வழக்குக்குச் சாட்சிக் கூண்டும் நீண்ட வாதமும் தேவையில்லை. படம், பலகையின் படம், கருவியின் சான்றிதழ், அறிவிக்கை எண் ஆகிய நான்கும் திரையில் இருந்தால் போதும். காணொலி வழியாகப் பத்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய விஷயம் இது.

டொரன்டோ தரும் பாடம்

மக்கள் நம்பிக்கையை இழந்த கேமராவுக்கு என்ன ஆகும் என்பதற்கு அண்மை உதாரணம் கனடாவில் இருக்கிறது. டொரன்டோ நகரில் பள்ளிகளுக்கு அருகே வைத்த வேகக் கேமராக்களை ஆராய்ந்த மருத்துவ ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. கேமரா வைத்த 250 பள்ளிப் பகுதிகளில், வரம்பை மீறும் வாகனங்களின் விகிதம் 45 சதவீதம் குறைந்ததாக அது கண்டறிந்தது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனாலும், அதே ஆண்டு நவம்பரில் ஒன்டாரியோ மாகாண அரசு அந்தக் கேமராக்களை மாகாணம் முழுவதும் தடை செய்தது. ‘பணம் பறிக்கும் கருவி’ என்ற கோபமே அதற்கு முன்வைக்கப்பட்ட காரணம்.

ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழும் நகரத்தில் நடந்த இது நமக்கும் எச்சரிக்கை. பலன் தந்த திட்டம்கூட, நியாயமானது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் நிலைக்காது. சென்னையில் 2023 ஜூனில் பகலில் 40 கிலோமீட்டர் என்ற வரம்பை வைத்து அபராதம் விதிக்கத் தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். பின்னர் அந்த ஆண்டு நவம்பரில் கனரக வாகனங்களுக்கு 50, குடியிருப்புப் பகுதிகளில் எல்லோருக்கும் 30 என்று புதிய வரம்புகள் வந்தன. நான்குவழிச் சாலையில் மணிக்கு 80 வரை வந்த ஓட்டுநர், நகருக்குள் நுழைந்ததும் 50, ஒரு தெரு திரும்பினால் 30 என்று அரை மணி நேரத்துக்குள் மூன்று வரம்புகளுக்குள் மாறுகிறார். அவருக்கு வழிகாட்ட அந்த வட்டப் பலகையை விட்டால் வேறெதுவும் இல்லை.

அவசரத்தை உண்டாக்குவது யார்?

லாரி வேகமாகப் போவதற்கு ஓட்டுநரின் கால் மட்டும் காரணம் இல்லை. தண்ணீர் லாரிகளும் மணல், ஜல்லி டிப்பர்களும் பல இடங்களில் ட்ரிப் கணக்கில் ஓடுகின்றன. ஒரு நாளைக்கு இத்தனை நடை அடித்தால்தான் கூலி கட்டும் என்ற கணக்கைப் போடுபவர் பள்ளி வாசலில் நிற்பதில்லை. இதையும் சட்டம் யோசித்திருக்கிறது. பணியாளரை வேகமாக ஓட்ட வைப்பவரும் 183ஆவது பிரிவின்படி குற்றவாளியே. வேக வரம்பை மீறாமல் முடிக்க முடியாத கால அட்டவணையை ஒருவர் விதித்திருந்தால், அந்த அட்டவணையே அவருக்கு எதிரான முதல்நிலைச் சாட்சியம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஓட்டுநரைக் கூப்பிட்டு விசாரித்தால்தான் ‘எத்தனை மணிக்குள் லோடை இறக்கச் சொன்னார்கள்?’ என்ற கேள்வியே எழும். விசாரணை இல்லாத சலான், உண்மையில் அவசரப்படுத்தியவரைக் காப்பாற்றிவிடுகிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு பள்ளி வாசலிலும் இரு திசைகளிலும் வட்டப் பலகை வேண்டும். அதில் வேக வரம்போடு நேரமும் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பள்ளி நாட்களில் காலை 8 முதல் 9.30 வரை, பிற்பகல் 2.30 முதல் 4 வரை 40 கிலோமீட்டர் என்று பலகையிலேயே எழுதியிருக்கிறார்கள். நேரம் தெளிவாக இருந்தால் இணங்கி நடப்பது எளிது; மீறியவர் சாக்குச் சொல்வது கடினம். பலகை மறையாமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை படம் எடுத்துப் பதிவேற்றும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவதாக, சலானிலேயே அரசிதழ் அறிவிக்கை எண், கருவியின் சான்றிதழ், பலகையின் படம் ஆகிய மூன்றும் இணைக்கப்பட வேண்டும். செய்தி தமிழில் இருக்க வேண்டும். ஓட்டியவர் யார் என்று உரிமையாளர் இணையதளத்தில் குறிப்பிட்டதும், ஓட்டுநரின் செல்பேசிக்கும் அதே ஆவணங்கள் போய்ச் சேர வேண்டும். தவறு செய்தவர் தன் தவறின் படத்தைப் பார்ப்பதே பாதித் திருத்தம்.

மூன்றாவதாக, மறுக்கும் வழக்குகளைக் காணொலியில் நடத்த வேண்டும். ஓட்டுநர் தன் ஊர் இ-சேவை மையத்தில் அமர்ந்து பேசும் வசதி இருந்தால் போதும். மறுப்பு பதிவான நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை, அந்தச் சலானைக் காட்டி எஃப்.சி., பெர்மிட் வேலைகளை நிறுத்தக் கூடாது. உரிம நிறுத்தம் எதுவானாலும் விளக்கம் கேட்ட பிறகே நடக்க வேண்டும். இவை மூன்றும் கிடைத்த பிறகு, குற்றம் உறுதியானவர் மீது கருணை காட்டத் தேவையில்லை.

நான்காவதாக, கனரக வாகனங்கள் மீண்டும் மீண்டும் மாட்டும் பள்ளிச் சாலைகளில் சரக்கு அனுப்புபவரின் நேர அட்டவணையையும் ட்ரிப் கணக்கையும் போலீஸார் கேட்டு வாங்க வேண்டும். சட்டத்தில் ஏற்கெனவே உள்ள அதிகாரம் இது. பள்ளி வாசல் அபராதமாக வரும் தொகையை, அதே வாசலில் நடைபாதை போடவும் வேகத்தடை அமைக்கவும் ஒதுக்கினால், ‘பணம் பறிப்பு’ என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

ஓட்டுநர்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. தவறு நடந்திருந்தால் ஒப்புக்கொண்டு கட்டிவிடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். தவறு இல்லை என்று உறுதியாக நம்பினால், சலான் வந்த அன்றே படத்தைப் பதிவிறக்கி நம்பர், நேரம், இடம் மூன்றையும் சரிபாருங்கள். அந்த நேரத்தில் வண்டி வேறு இடத்தில் இருந்தது என்றால் சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் பதிவும் ஜிபிஎஸ் பதிவும் கைகொடுக்கும். அடுத்த நடையில் அந்த இடத்தைக் கடக்கும்போது வண்டியை ஓரம்கட்டி, பலகை இருக்கிறதா என்று தேதியோடு படம் எடுங்கள். சங்கங்கள் ‘ஆன்லைன் அபராதமே வேண்டாம்’ என்று கேட்பதை விட்டு, இப்படிப்பட்ட வழக்குகளை எடுத்து நடத்த ஒரு வழக்கறிஞரை நியமிக்கலாம்.

அரசு உடனே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த ஜூனில் பள்ளிகள் திறப்பதற்கு முன், மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு தன் எல்லைக்குள் எத்தனை பள்ளி வாசல்களில் வட்டப் பலகை இருக்கிறது, எத்தனைக்கு அரசிதழ் அறிவிக்கை இருக்கிறது என்று எண்ணி, அந்தப் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். பட்டியலில் விடுபட்ட வாசல்களுக்குப் பலகை வரட்டும். அதன் பிறகு அங்கே வேகமாக வரும் எந்த லாரிக்கும் சலான் போடலாம். அதை நீதிமன்றத்தில் தயங்காமல் நிரூபிக்கவும் செய்யலாம்.